ஜிபார்குல் எஜே கையெழுத்துப் போடாத பெட்டி

ஜிபார்குல் எஜே, அதாவது ஜிபார்குல் அக்கா, தாழ்வாரத்தில் வருவதைக் கண்டால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வேறு பக்கம் திரும்பி நடப்பார்கள். நானும் நடந்திருக்கிறேன். கண்ணில் பட்டுவிட்டால் போதும், நேற்று அந்த சர்வரில் எதையோ மாற்றினாயே, அது எந்த வெர்ஷன் என்று பிடித்துக்கொள்வார். கடைசி வெர்ஷன்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. "கடைசிங்கறது ஒரு நம்பரா குபான்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். நம்பர் வரும்வரை நகரமாட்டார்.

எங்கள் நிறுவனம் கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக்கில் உட்கார்ந்துகொண்டு இஸ்ஸிக்-குல், நாரின் பக்கத்து மலை ஊர்களில் பாய்லர் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாலர் பள்ளி என்று மொத்தம் அறுபத்து நான்கு. எல்லாம் நிலக்கரி. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ட்ரோலர் இருக்கிறது. வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிடும் ஒவ்வொரு பம்புக்கும் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. கண்ட்ரோலருக்குள் ஒரு புரோகிராம், பெட்டிக்குள் ஒரு குட்டிப் புரோகிராம். கண்ட்ரோலரின் புரோகிராமை இங்கிருந்தே மாற்றலாம், இங்கிருந்தே அதன் பதிப்பு எண்ணையும் பார்க்கலாம். பெட்டிக்குள் இருப்பது எங்கள் திரைக்கு வராது. யாராவது பம்பு அறைக்குள் இறங்கி, பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால்தான் உண்டு. எங்கே எந்தப் பெட்டி, அதற்குள் எந்தப் பதிப்பு, அதோடு எது ஒத்துப்போகும், எது போகாது என்பதையெல்லாம் எழுதி வைத்திருப்பதுதான் எஜேயின் வேலை. அவர் கதவில் கான்ஃபிகரேஷன் பொறுப்பாளர் என்று எழுதியிருக்கும். நாங்கள் அந்த அறையை பாஸ்போர்ட் ஆபீஸ் என்போம்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. எங்களிடம் வருவதற்கு முன்பு பத்தொன்பது வருடம் அவர் ஒரு விமான நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்கில் இருந்தார். விமானத்தின் பாகங்களுக்கு எங்கள் பக்கத்தில் பாஸ்போர்ட் உண்டு. எந்த விமானத்தில் இருந்தது, எத்தனை மணி நேரம் பறந்தது, யார் கழற்றினார், யார் மாட்டினார் என்று ஒரு சின்னப் புத்தகம் அந்தப் பாகத்தோடு கூடவே போகும். புத்தகம் தொலைந்தால் பாகம் புத்தம்புதிதாக மின்னினாலும் வெறும் இரும்புதான். எஜே அப்படி எத்தனையோ பாகங்களை மெக்கானிக்குகளின் கையிலிருந்து பிடுங்கி ஓரம்கட்டியிருக்கிறார். நிறுவனத்தை மூடியபின் இரண்டு வருடம் தோர்தோய் சந்தையில் பெண்களுக்கான கோட்டு விற்றார். அங்கேயும் எந்தக் கோட்டு எந்தக் கன்டெய்னரில், எந்த அளவு எத்தனை என்று நோட்டு போட்டிருந்தாராம். பக்கத்துக் கடைக்காரிகள் தங்கள் சரக்கு எங்கே என்று இவரிடம் வந்து கேட்பார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு எங்களிடம் சேர்ந்த முதல் நாள், நம்மிடம் மொத்தம் எத்தனை பாய்லர் வீடு என்று கேட்டிருக்கிறார். ஒருவர் ஐம்பத்தெட்டு என்றார், ஒருவர் அறுபத்தொன்று என்றார், இயக்குநர் அறுபத்தாறு என்றார். அந்தக் கோடை முழுக்க எஜே பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் ஊர் ஊராகப் போய் வந்தார். திரும்பி வந்து அறுபத்து நான்கு என்றார். மீதி இரண்டில் ஒன்று ஆட்டுப்பட்டியாக இருந்தது, இன்னொன்றைக் கட்டவே இல்லை.

அவருடைய பதிவேடு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஆனால் அதை அச்செடுத்து ஒரு தடித்த கோப்பிலும் வைத்திருப்பார். அதில் கடைசி இரண்டு கட்டங்கள் எங்களுக்குப் பிடிக்காதவை. பார்த்தவர் யார், எந்தத் தேதி. யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால் அங்கே கூச்சமில்லாமல் "தெரியாது" என்று எழுதிவிடுவார். முன்பெல்லாம் மேலிடத்துக்கு அனுப்பும் பட்டியலில் இந்தத் தெரியாதுகளைப் பார்த்து அண்ணன் என்ற மரியாதையில் நாங்கள் பைக்கே என்று கூப்பிடும் இயக்குநர் எசென்பெக் தலையில் அடித்துக்கொள்வார். இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறோம், நமக்கே தெரியாது என்று நாமே எழுதிக் கொடுப்பதா என்று ஒரு நாள் கத்தினார். எஜே அசையவில்லை. தெரியாது என்று எழுதினால் யாராவது போய்ப் பார்ப்பார்கள், தப்பாக எழுதினால் ஒருவரும் போகமாட்டார்கள் என்றார். நான் அப்போது பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

கண்ட்ரோலர்களுக்கு நான் ஒரு புதிய புரோகிராம் எழுதியிருந்தேன். எட்டாம் பதிப்பு. என்னோடு இன்னும் இரண்டு பேர் உழைத்தார்கள் என்றாலும் மூளை என்னுடையது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தில் ஒரு பங்கு நிலக்கரி மிச்சமாகும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறோம் என்று இயக்குநர் மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பம்புப் பெட்டிக்குள் இருக்கும் குட்டிப் புரோகிராம் ஐந்தாம் பதிப்பாகவோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். எஜேயின் பதிவேட்டின்படி அப்படி நாற்பத்தொரு இடங்கள் இருந்தன. மற்றவற்றுக்குக் கோடையில் பெட்டி மாற்றியபின் அனுப்புவதாகத் திட்டம். நாற்பத்தொன்றுக்கும் எஜே கையெழுத்துப் போட்டால் நான் பொத்தானை அழுத்துவேன், அவ்வளவுதான் பாக்கி.

அப்டேட் ஒவ்வொன்றுக்கும் முன்னால் எஜே பாய்லர்காரர்களுக்கு வரிசையாகப் போன் போடுவார். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. ஆடு குட்டி போட்டதா, மருமகளுக்கு முதுகுவலி போயிற்றா என்று தொடங்கி, கொஞ்சம் எழுந்து போய்ப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படியுங்கள் என்று முடிப்பார். அவர்கள் போய்த் திரும்பும் வரை போனைக் காதில் வைத்தபடி காத்திருப்பார். திங்கட்கிழமை மத்தியானம் நாற்பது பேர் படித்து முடித்தார்கள். நாற்பத்தோராவது, நாரினுக்கு அப்பால் தாஷ்-கெச்சூ என்ற ஊரின் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பாய்லர்காரர் தோக்தோசுன் பைக்கே, அறுபது வயது. அவரும் எண்ணைச் சொன்னார். பதிவேட்டில் இருந்த அதே எண், அதே ஐந்தாம் பதிப்பு, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

எஜே போனை வைத்துவிட்டு, இந்த ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

எதற்கு என்று கேட்டேன். தோக்தோசுன் எண்ணைச் சொன்னபோது உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை என்றார். நாற்காலி நகரவில்லை, கதவு திறக்கவில்லை, பெட்டி இருக்கும் அறைக்கு ஏழு படி இறங்கவேண்டும், ஒரு படிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நாலு மாத உழைப்பை ஒரு கிழவரின் செருப்புச் சத்தத்துக்காக நிறுத்துவதா? நேராக இயக்குநரிடம் போய் இதைச் சொன்னேன். சொல்லும்போது எஜே மாதிரியே காதில் கைவைத்து நடித்தும் காட்டினேன்.

எசென்பெக் பைக்கே சிரிக்கவில்லை. எஜேயைக் கூப்பிட்டு, மறுபடி போன் செய்து அவரை எழுந்து போகச் சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்றார். செய்தாயிற்று என்றார் எஜே. இரண்டாம் தடவை தோக்தோசுன் படியிறங்கினார், மூடியும் திறந்தது, ஆனால் அதே எண்ணை முன்னைவிட வேகமாகச் சொன்னார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவரால் சீட்டைப் படிக்க முடியாது, கண்ணாடியோ போன் பக்கத்து மேஜையில் கிடக்கும், அதை எடுத்த மாதிரித் தெரியவில்லை. இது ஒரு காரணமா என்று இயக்குநர் கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வெள்ளிக்கிழமை இது போகாவிட்டால் உங்கள் பதவியே எதற்கு என்று மேலே கேட்பார்கள், என்னால் பதில் சொல்ல முடியாது என்றார். எஜேயின் புருஷன் முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டுவதில்லை, வீட்டில் ஒரே சம்பளம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எஜே கோப்பை மூடினார். "நாப்பதுக்கு இப்பவே போடறேன். அந்த ஒண்ணை நான் கண்ணால பார்க்கணும்" என்றார்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். நிவா காரை எடுத்துக்கொண்டு இவரை அழைத்துப் போ, பார்த்துவிட்டு வியாழனுக்குள் வந்து சேருங்கள் என்றார். எஜே சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் போகிறேன் என்ற நினைப்பில் நான் சந்தோஷமாகவே கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். வழியில் கோச்கோரில் லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்டோம். தோலோன் கணவாயில் பனியைச் சுத்தமாகத் தள்ளியிருந்தார்கள், ஆனால் குளிர் மைனஸ் இருபத்தொன்பது. எஜே மடியில் கோப்பை வைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி வந்தார். வழியெல்லாம் நான் குத்திக் குத்திப் பேசினேன். எஜே, அந்த ஆடு ஐந்தாம் பதிப்பா ஆறாம் பதிப்பா, அந்த லாரி ஓட்டுநரின் பாஸ்போர்ட்டைப் பார்க்கவேண்டாமா என்றெல்லாம். அவர் சில சமயம் சிரித்தார், சில சமயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இன்று நினைத்தால் எனக்கு என் நாக்கைப் பிடித்துக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தாஷ்-கெச்சூவுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி. பிரசவ ஆஸ்பத்திரி ஒற்றை மாடிக் கட்டடம். பாய்லர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போகவேண்டும், அதற்கு ஆஸ்பத்திரியின் நீளத் தாழ்வாரத்தைக் கடக்கவேண்டும். வெளியே மூச்சே உறைந்துபோகும் குளிர், உள்ளே நர்ஸுகள் அரைக்கைச் சட்டையில் நடந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு அடியில் சூடான ரேடியேட்டர்கள் மேல் குழந்தைத் துணிகளை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். எஜே போகிற போக்கில் கையுறையைக் கழற்றி ஒவ்வொரு ரேடியேட்டராகத் தொட்டுக்கொண்டே போனார்.

தோக்தோசுன் பைக்கே எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னைக் கட்டிக்கொண்டார், எஜேக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார், பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் ஜாமும் எடுத்து வைத்தார். உட்காருங்கள், முதலில் தேநீர் குடியுங்கள், பெட்டி எங்கேயும் ஓடிவிடாது என்றார். எஜே ஒரு போர்சோக்கைப் பிட்டு வாயில் போட்டார், மரியாதைக்கு. பிறகு ஏழு படியும் இறங்கிப் போனார். நானும் பின்னால் போனேன். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு எனக்கு வழிவிட்டார்.

நான்காம் பதிப்பு. பெட்டியின் எண்ணும் வேறு.

மேலே வந்தபோது தோக்தோசுன் அடுப்புக் கதவைத் திறந்து காரணமில்லாமல் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். எஜே அதட்டவில்லை. பக்கத்தில் போய் நின்று, எங்கேயிருந்து வந்தது பைக்கே என்று கேட்டார். கிளறுவதை நிறுத்திவிட்டு அவர் சொன்னார். போன மார்ச் கடைசியில், குளிர் இன்னும் விடாத நேரத்தில், பழைய பெட்டி புகைந்து கருகிவிட்டது. உள்ளே ஐந்து பிரசவக்காரிகள். பிஷ்கெக்குக்குச் சொன்னால் புதுப்பெட்டி வர நாலு நாள். மேலத்தெருப் பள்ளிக்கூடத்தின் பாய்லர்காரர் காஸிபெக், தோக்தோசுனின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தவர். பள்ளியில் இரண்டு பம்பு, ஒன்றே போதும். காஸிபெக் சும்மா கிடந்த பம்பின் பெட்டியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். அரசாங்கச் சொத்தைக் கொடுத்தான் என்று அவருக்கு ஏதும் வந்துவிடக்கூடாது என்பதால் இவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கருகிய பெட்டியின் எண் ஒன்பது வருடமாகத் தெரிந்த எண், மனப்பாடம்.

"ஒரு தாள் எழுதியிருக்கலாமே பைக்கே" என்றேன் நான்.

"சம்பந்திகிட்ட வாங்கினதுக்கு எவனாவது ரசீது எழுதுவானா தம்பி? நாளைக்கு எம்பொண்ணு அந்த வீட்டுல எப்படி இருப்பா?"

அது எங்கள் ஊர்களில் நியாயமான கேள்விதான். சம்பந்தி கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது, சம்பந்தி கொடுத்ததைக் கணக்கில் ஏற்றவும் கூடாது. எஜே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் செய்தது சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். காஸிபெக்கின் பெயருக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைக் காட்டி எஜேயிடம் சொன்னார்.

"நானா மறைக்கணும்னு இல்ல தங்கச்சி. ஜூன் மாசம் இந்தத் தம்பி பார்க்க வந்தப்பவே அது அங்கதான் இருந்துச்சு. கீழ இறங்கினா சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஜூன் மாதம் வருடாந்தரப் பார்வைக்காக அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்தது நான்தான். அன்று தோக்தோசுன் என் தோளில் கைபோட்டு நேராக வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆடு அடித்தார்கள். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த புதுக் கிமிஸ் வந்த நேரம். மூன்றாவது கிண்ணம் முடிந்தபோது, பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றார். ஏழு படிதான். பாய்லர் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. பார்த்தவர் என்ற கட்டத்தில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தாளை வைத்து என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

எஜே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து, புது எண்ணையும் நான்காம் பதிப்பையும் எழுதி, பார்த்தவர் கட்டத்தில் தன் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினார். அதற்கு மேல் வரியில் என் பெயர் இருந்தது. அதை அடிக்கவும் இல்லை, அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. மறுநாள் திரும்பி வருகிற வழியில் அந்த ஆறு மணி நேரமும் நான் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது கை நீட்டி வாங்கவே கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை கிடங்கிலிருந்து ஒரு பழைய நான்காம் பதிப்புப் பெட்டியை எடுத்து வந்தேன். சோதனை மேஜையில் ஒரு சின்னப் பம்போடு அதை இணைத்து, என் எட்டாம் பதிப்பை ஏற்றினேன். பதினோரு விநாடி. பம்பு நின்றுவிட்டது. நான் பயந்தது அதற்காக அல்ல. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. பெட்டி கட்டளையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, நிற்கச் சொன்னார்கள், நின்றுவிட்டேன் என்று கண்ட்ரோலருக்குப் பதில் சொல்லியிருக்கிறது. கண்ட்ரோலரும் சரி என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன், ஓடவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன். நாங்கள் பிஷ்கெக்கில் பச்சையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே அடுப்பில் கரி எரியும், தண்ணீர் சுற்றாது, பாய்லருக்குள் கொதிக்கும், தூரத்து அறைகளில் உறையும். அந்த நீளத் தாழ்வாரமும் ரேடியேட்டர் மேல் கிடந்த துணிகளும் என் கண்முன்னால் வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநரின் அறையில் கூடினோம். சோதனையில் நடந்ததை நான் சொன்னேன். எசென்பெக் பைக்கேயின் முகம் வெளுத்துவிட்டது. தாஷ்-கெச்சூவை விட்டுவிட்டு நாற்பதுக்கு அனுப்பலாம் என்று உடனே முடிவெடுத்தார். ஆனால் மேலிடத்தில் ஏன் நாற்பத்தொன்று நாற்பதாயிற்று என்று கேட்பார்கள் அல்லவா? அவர் எஜேயின் பக்கம் திரும்பினார். பதிவேடு உங்கள் பொறுப்பு, அதில் பத்து மாதம் தப்பான எண் இருந்திருக்கிறது, இதற்கு நான் யார் பெயரை எழுதுவது என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

கோப்பு எஜேயின் மடியில் மூடியபடி இருந்தது. ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். அவர் வேலையும் பிழைக்கும், வீட்டின் ஒரே சம்பளமும் பிழைக்கும். திறப்பார் என்று காத்திருந்தேன், திறக்கவில்லை. மாதக்கணக்காக அவரை நடித்துக் காட்டிச் சிரித்த என்னை அவர் காப்பாற்றுகிறார் என்று நினைத்தபோது எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.

எழுந்து நின்று சொன்னேன். ஜூன் மாதம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான், ஆனால் பெட்டியை நான் பார்க்கவே இல்லை, செவ்வாய்க்கிழமை தோக்தோசுன் பைக்கேயே அதைச் சொல்லிவிட்டார், என் பெயரை எழுதுங்கள் என்றேன்.

எசென்பெக் பைக்கே என்னை விட்டுவிட்டு எஜேயைத்தான் பார்த்தார்.

"எஜே, அந்தக் கட்டத்துல இவன் பேரு இருக்கறது உங்களுக்குத் திங்கட்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை? இவன் பார்க்காமலே போட்டிருக்கான்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உங்க மேல கோபப்பட்டிருக்கமாட்டேனே. கிழவரோட செருப்புச் சத்தத்தையெல்லாம் சொன்னீங்க, இதைச் சொல்லலையே."

எஜே அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

"செருப்புச் சத்தம் கேக்கலைங்கறது எனக்குத் தெரியும். நான் போன்ல இருந்தேன். ஜூன் மாசம் நான் அங்க இல்லையே. இவன் பார்க்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கிழவர்தான் செவ்வாய்க்கிழமை சொல்லிட்டாரே?"

"அவர் சொன்னார். அவர் போன்லயும்தான் ஒரு நம்பரைச் சொன்னார். பார்க்கலைங்கறதை இவன்தான் சொல்லணும். இப்ப சொல்லிட்டான்."

அவர் என்னைக் காப்பாற்றவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவருக்கு இருந்திருக்கவில்லை. தன் வேலை போகிற நிலையிலும், தான் பார்க்காத ஒன்றை என் பெயருக்கு எதிரே எழுத அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். சந்தேகப்பட எல்லாக் காரணமும் வைத்துக்கொண்டு, அந்த நாலு நாளும் என் கையெழுத்தைக் கையெழுத்தாகவே மதித்திருக்கிறார். நானே மதிக்காத கையெழுத்து அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஜன்னலைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

இயக்குநர் நாற்பது வரிகள் கொண்ட தாளை எஜேயிடம் நீட்டினார். அவர் ஸ்கேலை வைத்து வரிவரியாக ஒருமுறை பார்த்தார். கடைசி வரி வரைக்கும் போய்விட்டு ஸ்கேலை மறுபடி மேலே ஏற்றினார். நாற்பதில் ஆறு வரிகளுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு என்னிடம் திருப்பினார். ஆறும் ஜூன் மாதம் நான் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட ஊர்கள். பாய்லர்காரர்கள் படியிறங்கிப் படித்த ஊர்கள்தான், எஜே காதால் கேட்டவைதான்.

"இதுல எதெல்லாம் நீ பார்த்தே?" என்று கேட்டார். குரலில் குத்தல் துளியும் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது.

நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். நாலைப் பார்த்தேன் என்றேன். இரண்டைப் பார்த்ததாக ஞாபகமில்லை என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த இரண்டையும் அடித்து, முப்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதை அப்படியே நம்பி.